1991 எம்எக்ஸ்-5: முகப்பு விளக்கு எனக்கு மங்கல், எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது

நீலக்கூரை:

வணக்கம். 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வைத்திருக்கிறேன். முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின், மேலெழும் முகப்பு விளக்குகள். அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்யப்பட்ட வண்டி; அதனால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. நான் வசிக்கும் இடத்திலோ சாலையின் இடது பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். முந்தைய உரிமையாளர் எஞ்சினை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விளக்குகளை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

இரவில் லோ பீம் போட்டு ஓட்டினால் சாலை தெரிவதில்லை. பம்பருக்குச் சற்று முன்னால் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு விழுகிறது, அதற்கு அப்பால் இருட்டு. ஆனால் எதிரே வருகிறவர்கள் என் விளக்கு கூசுகிறது என்று ஹை பீமை அடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கே போதாத வெளிச்சம் அவர்களை எப்படிக் கூசச் செய்கிறது என்பது புரியவில்லை.

இடது விளக்கில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. வலது விளக்கு எழுந்து நின்ற பிறகும் இது மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். சில நாள் உச்சிவரை போகாமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். மேடு பள்ளத்தில் போகும்போது மினுக்குகிறது.

எல்இடி பல்பு வாங்கிப் போடலாமா, முழு விளக்கையே மாற்ற வேண்டுமா, புரொஜெக்டர் (வில்லை வழியாக ஒளியைக் குவித்து வீசும் விளக்கு) பொருத்தலாமா என்று குழம்பியிருக்கிறேன். பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். மல்டிமீட்டர் இருக்கிறது. வயரிங் வேலை மட்டும் செய்ததில்லை.

கூடுதலாக ஒன்று: மழை பெய்தால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் நனைந்துவிடுகிறது. துணிக்கூரையில் கிழிசல் எதுவும் இல்லை.

திருகாணி:

உங்கள் வண்டியில் பல்பை மட்டும் மாற்ற முடியாது. அமெரிக்க வண்டி என்றால் அதில் இருப்பது சீல்டு பீமாக இருக்க வேண்டும். லென்ஸ், ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் சேர்த்து மூடிய ஒரே கண்ணாடிக்கூடு அது. இழை அறுந்தால் முழு விளக்கையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வைப்பார்கள். நல்ல செய்தி என்னவென்றால் அதன் அளவு 7 அங்குல வட்டம், அதாவது 178 மி.மீ. உலகம் முழுவதும் எத்தனையோ பழைய கார்களிலும் ஜீப்புகளிலும் இருக்கும் அளவு. மாற்று விளக்குக்குப் பஞ்சமே இல்லை.

நான் என் 1.8 லிட்டர் வண்டியில் முழு எல்இடி விளக்கைப் பொருத்தியிருக்கிறேன். ஒளியின் விளிம்பு கத்தியால் அறுத்த மாதிரி இருக்கும். முறையான ஒப்புதல் குறி உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். ஆனால் வாங்குவதற்கு முன் அதன் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். வெப்பம் போக்கும் அலுமினிய மடிப்புகள் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வண்டியின் விளக்குக் கூட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடாது. எடையும் பாருங்கள், அந்தச் சிறிய மோட்டார்தான் ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டும். பனி பெய்யும் ஊர் என்றால் இன்னொரு யோசனையும் வேண்டும்: எல்இடி விளக்கின் முன்கண்ணாடி சூடேறாது, படிந்த பனி உருகாது.

செம்புக்கம்பி:

நீலக்கூரை அவர்களே, எதையும் வாங்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

வாகன மின்வேலையையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இரவில் எதிரே ஒரு கோணல் விளக்கு வந்தால் சில நொடிகளுக்குச் சாலையே தெரியாமல் போகிறது. வயதான கண்ணின் வில்லையில் ஒளி சிதறும், அது மீண்டு வர நேரமாகும். ஆகவே உங்கள் கேள்வியில் என் மனத்தைத் தொட்டது, எதிரே வருபவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டதுதான். விளக்கு மாற்றுவது பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தன் பக்கத்து வெளிச்சத்தை மட்டும்தான் கேட்கிறார்கள்.

உங்கள் புதிருக்கு விடை விளக்கின் வடிவத்தில் இருக்கிறது. லோ பீம் இரு பக்கமும் சமமாக விழுவதில்லை. எதிரே வருபவரின் பக்கம் தாழ்ந்தும், சாலையோரப் பக்கம் நீண்டும் விழுமாறு லென்ஸிலேயே வரிவரியாக வார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அங்கே சாலையோரம் என்பது வலது. அந்த விளக்கை இடப்பக்கம் ஓட்டும் சாலைக்குக் கொண்டு வந்தால், ஓரத்துக்குப் போக வேண்டிய ஒளி நேராக எதிராளியின் கண்ணுக்குப் போகும். நீங்கள் பார்க்க வேண்டிய இடது ஓரத்துக்கு எதுவும் வராது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் முதன்மையான காரணம் இதுதான். விளக்கைக் கீழே சாய்த்தால் சரியாகிவிடாது, வடிவமே தவறு. அந்தச் சீல்டு பீம்கள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் உங்கள் சாலையில் அவற்றுக்கு இடமில்லை.

ஆகவே விளக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதை, எப்போது என்பதற்கு இரண்டு அளவுகள் தேவை.

விளக்குக்கு எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது? இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டங்ஸ்டன் இழையின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4ஆவது அடுக்கில் குறைகிறது. 10 சதவீத வோல்ட் போனால் 30 சதவீத ஒளி போய்விடும். முப்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியில் சுவிட்சின் முனைகள் கருகியிருக்கும், இணைப்பான்களில் பச்சை பூத்திருக்கும், எர்த் (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகத் திரும்பும் பாதை) திருகாணிக்கு அடியில் துரு புகுந்திருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

அளக்கும் முறை எளிது. எஞ்சின் ஓடட்டும், லோ பீம் எரியட்டும். இந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, அங்கிருந்து அளக்க வேண்டாம். பானெட்டுக்கு அடியில் இருக்கும் 80 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் பெட்டியையே தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் ஒரு முனை அங்கே, மறுமுனை விளக்கின் இணைப்பானுக்குப் பின்புறமாக லோ பீம் வயரில். மீட்டர் காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். அடுத்து எஞ்சினின் உலோகப் பகுதிக்கும் விளக்கின் எர்த் வயருக்கும் நடுவே அதேபோல் அளந்துகொள்ளுங்கள். இணைப்பானைக் கழற்றி வைத்து அளக்காதீர்கள். மின்சாரம் ஓடாதபோது கெட்டுப்போன வயரும் முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும்.

இரண்டாவது, மினுக்கும் இடது விளக்கு எரியும்போது அதன் பின்னால் போகும் வயர்க்கட்டைக் கையால் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேலெழும் விளக்கில் அந்த வயர்கள் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கின்றன. மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகளில் பாதி அறுந்திருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மீட்டர் துள்ளுவதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

எல்இடி பற்றி: சீல்டு பீமை எடுத்துவிட்டு எச்4 (லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி இழை கொண்ட ஹாலஜன்) பல்பு ஏற்கும் 7 அங்குல விளக்கை வைத்து, அதற்குள் எல்இடி பல்பைச் செருகலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். எச்4 பல்புக்குள் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. அதுதான் கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்து, எதிராளியின் கண்ணுக்குக் கீழே ஒளிக்கு ஒரு எல்லைக்கோட்டைப் போடுகிறது. இழை இருக்கும் இடம் மில்லிமீட்டரின் பின்னங்களில் வரையறுக்கப்பட்டது. எல்இடி பல்பில் ஒரு பலகையின் இரு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். ஒளி பிறக்கும் இடமும் திசையும் வேறு. ரிஃப்ளெக்டருக்கு அது தெரியாது. விளைவு: வண்டிக்கு முன்னால் தரை பளீரென்று வெளுக்கும், ஓட்டுபவர் மகிழ்ச்சியடைவார், அந்த வெளுப்பில் அவர் கண்மணி சுருங்கித் தொலைவு இன்னும் இருண்டுபோகும். எதிராளியின் நிலையைச் சொல்லவே வேண்டாம். ஜெர்மனி போன்ற நாடுகளில் சில எல்இடி பல்புகளுக்குக் குறிப்பிட்ட கார், குறிப்பிட்ட விளக்கு என்று பட்டியலிட்டுத்தான் அனுமதி தருகிறார்கள். இந்த வடிவப் பிரச்சினைதான் அதற்குக் காரணம்.

திருகாணி சொல்வது போல் எல்இடிக்காகவே வடிவமைத்த முழு விளக்கு என்றால் அது வேறு விஷயம், அதை நான் மறுக்கவில்லை. மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். ஆனால் என் விருப்பம் நல்ல கண்ணாடி லென்ஸ் உள்ள எச்4 விளக்குதான். 1971இலிருந்து இருக்கும் பல்பு, 60/55 வாட், எங்கேயும் கிடைக்கும், நடுவழியில் மாற்றலாம். இந்த வண்டியின் முகத்துக்கும் அதுதான் பொருத்தம். புரொஜெக்டரை வெட்டி ஒட்டிப் பொருத்துவது கைதேர்ந்தவர்களுக்கு. அதிலும் ஒப்புதல் போய்விடும். 100/90 வாட் பல்பைப் பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பழைய வயரும் இணைப்பானும் உருகும், சாலையில் அது பெரும்பாலும் சட்டவிரோதமும்கூட.

வாங்கும்போது லென்ஸில் பொறித்திருப்பதைப் படியுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், அதுதான் ஒப்புதல் குறி. பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது உங்கள் வலதுகைப் பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு, அதாவது உங்களுக்கு. அம்பே இல்லை என்றால் வலப்பக்கம் ஓட்டும் சாலைக்கு. இந்தச் சின்ன அம்பைப் பார்க்காமல் வாங்கினால் இப்போதைய அதே தொல்லை புதுப் பளபளப்போடு திரும்பி வரும்.

எண்களை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கூரையில்லாப்பயணி:

விளக்கு வேலை நல்ல கையில் இருக்கிறது, நான் தண்ணீருக்கு வருகிறேன். கூரையில் கிழிசல் இல்லாமல் இருக்கைக்குப் பின்னால் நனைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வடிகால் துளைகள். துணிக்கூரையின் பின்விளிம்பில் வழியும் மழைநீரை ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஏந்தி, இரு பக்கமும் இருக்கைப் பட்டை இருக்கும் மூலைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஒரு குழாய் வழியாக, பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில் விழ வேண்டும். இலைத்தூளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே வழியும், அல்லது பக்கவாட்டுச் சட்டத்துக்குள் தேங்கும். இந்த வண்டிகள் துருப்பிடித்துச் சாவது பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் பின்முனையில்தான்.

கூரையைப் பாதி மடித்துவிட்டு மூலையில் டார்ச் அடித்தால் துளை தெரியும். கூரிய கம்பியை நுழைக்காதீர்கள், குழாய் கிழிந்தால் அடைப்பைவிடப் பெரிய வேலை. புல்வெட்டியில் போடும் தடித்த நைலான் இழை போதும். மெல்ல நுழைத்துச் சுழற்றிவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்தில் கீழே விழுந்தால் வழி திறந்துவிட்டது. கம்பளத்தை எடுத்து முழுதாகக் காயவைத்த பிறகே திரும்பப் போடுங்கள். அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

நீலக்கூரை:

இருவருக்கும் மிக்க நன்றி. வடிகால் இரண்டும் அடைத்துக் கிடந்தன. ஓட்டுநர் பக்கத்திலிருந்து கருப்புச் சேறாக வந்தது, இப்போது தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறது. சட்டத்தின் பின்முனையைத் தட்டிப் பார்த்தேன், திடமான ஓசை வருகிறது.

செம்புக்கம்பி ஐயா, நீங்கள் சொன்னபடியே அளந்தேன். மெயின் ஃபியூஸில் 14.1 வோல்ட். வலது விளக்கில் வரும் வழியில் 0.8, எர்த் பக்கம் 0.4. இடது விளக்கில் வரும் வழியில் அதே 0.8, எர்த் பக்கம் 1.1. வயர்க்கட்டை வளைத்தபோது அந்த 1.1 மேலும் கீழும் துள்ளியது. லென்ஸில் ஈ குறி எதுவும் இல்லை, விளக்கில் 65/35 வாட் என்று மட்டும் இருக்கிறது.

இந்த எண்கள் மோசமா? எச்4 விளக்கை வாங்கிப் பழைய இணைப்பானில் அப்படியே செருகிவிடலாமா? அதன் மூன்று முனைகளும் பொருந்தும் என்று படித்தேன்.

செம்புக்கம்பி:

நன்றாக அளந்திருக்கிறீர்கள். எண்கள் தெளிவாகப் பேசுகின்றன.

வலது விளக்குக்கு 12.9 வோல்ட் கிடைக்கிறது. கால் பங்கு ஒளி வழியிலேயே போய்விட்டது. இடது விளக்குக்கு 12.2தான், அங்கே ஏறக்குறைய 40 சதவீதம் இழப்பு. மினுக்கலுக்குக் காரணம் எர்த் வயரின் உள்ளே அறுந்த இழைகள். அந்த ஒரு வயரைப் புதிதாகப் போட்டாலே மினுக்கல் நின்றுவிடும்.

இணைப்பான் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் அப்படியே செருகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இப்போது லோ பீம் 35 வாட், அந்தக் குறைந்த மின்சாரத்துக்கே வலது பக்கம் 1.2 வோல்ட் தொலைகிறது. எச்4இன் லோ பீம் 55 வாட். மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும்போது இழப்பும் அதே அளவு கூடும். நல்ல நிலையில் இருக்கும் வலது விளக்கே இன்றைய இடது விளக்கின் நிலைக்கு வந்துவிடும். புது விளக்கு வாங்கியும் ஏமாற்றமாக இருக்கிறது என்று சொல்பவர்களின் வண்டியில் நடப்பது இதுதான். கூடவே அந்த முழு மின்சாரமும் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சுவிட்சின் வழியாக ஓடிச் சூடேற்றும்.

ஆகவே ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். பழைய வயர் இனி விளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகாது, ரிலேயைத் தட்டியெழுப்ப மட்டும் போகும். ரிலேயின் சுருள் கேட்பது ஓர் ஆம்பியரில் சிறு பின்னம். சுவிட்ச் இன்னும் பல ஆண்டுகள் நிம்மதியாக இருக்கும்.

இரண்டு ரிலே வேண்டும், ஒன்று லோ பீமுக்கு, மற்றொன்று ஹை பீமுக்கு. மெயின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் ஒன்றை எடுங்கள். எடுத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். ஃபியூஸ் இல்லாத வயர் உரசி உலோகத்தைத் தொட்டால் வண்டியே எரியும், இதில் சமரசமே கூடாது. அந்த வயர் இரு ரிலேயின் 30ஆம் முனைக்கும் போகும். 87ஆம் முனையிலிருந்து வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாக 2.5 சதுர மி.மீ. வயர், ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு விளக்குக்கும் ஒரே ஃபியூஸ் வைக்கிறவர்கள் உண்டு. அது போனால் வளைவின் நடுவில் முழு இருட்டு, ஆகவே தனித்தனியாகவே வையுங்கள்.

85, 86 முனைகளுக்கு பழைய விளக்கு இணைப்பானில் ஒன்றைப் பயன்படுத்துங்கள், வலதுபக்கத்து இணைப்பான் போதும். சில பழைய ஜப்பானியக் கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் திறந்து மூடும். எந்த வகையாக இருந்தாலும் சுருளை அந்த இணைப்பானின் பொது முனைக்கும் லோ பீம் முனைக்கும் நடுவே கட்டிவிட்டால் வேலை செய்யும். ஹை பீமுக்கும் அப்படியே. உள்ளே டையோடு இல்லாத ரிலே என்றால் முனை மாறினாலும் கெடாது.

எர்த்தை மறந்துவிடாதீர்கள். இடது விளக்கின் இழப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் 2.5 சதுர மி.மீ. எர்த் வயர் தனியாக. உடல்தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு திருகாணியை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். விளக்கோடு மேலும் கீழும் போகும் பகுதிக்கு மெல்லிய இழைகள் பல கொண்ட நெகிழ்வான வயரையே வாங்குங்கள். பழைய வயர் போன பாதையிலேயே, அதே அளவு தளர்வு விட்டுக் கட்டுங்கள். கட்டிய பிறகு விளக்கைக் கையால் முழுதாக ஏற்றி இறக்கி, எங்கும் இழுபடவில்லை, நசுங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஏறத் தயங்கும் இடது விளக்கு. கையை உள்ளே விடுவதற்கு முன் விளக்கைத் தூக்கும் மோட்டாருக்கான ரிட்ராக்டர் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், அல்லது பேட்டரியின் எதிர்முனையை எடுத்துவிடுங்கள். அந்த மோட்டாருக்கு விரல் இருப்பது தெரியாது. மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கையால் திருகினால் விளக்கு மெல்ல எழும். நடுவழியில் மோட்டார் கைவிட்டால் உதவுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். (மேலெழும் விளக்கின் முதல் வண்டியான 1936ஆம் ஆண்டின் கார்ட் 810இல் மோட்டாரே கிடையாது, ஓட்டுநர் டேஷ்போர்டில் இருந்த இரண்டு கைப்பிடிகளைச் சுழற்றித்தான் விளக்குகளை எழுப்பினார். எனக்கு இந்தப் பொறியமைப்பின் மேல் தீராத அன்பு உண்டு. தாழ்ந்த மூக்கும் வேண்டும், விளக்கு சட்டம் சொல்லும் உயரத்திலும் இருக்க வேண்டும் என்ற இரு தேவைக்கும் நடுவே பிறந்த விடை அது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 அதைக் கைவிட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்.)

மோட்டாரின் கையையும் விளக்கையும் இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டு, விளக்கைக் கையால் மட்டும் ஏற்றி இறக்குங்கள். இறுக்கமாக இருந்தால் கீல்களில் அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கின்றன. சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். விளக்கு இலகுவாக ஆடினால் குறை மோட்டாருக்குள். பழைய கிரீஸ் மெழுகாகக் கெட்டியாகியிருக்கும். மூடியைத் திறந்து அதை முழுதாக வழித்தெடுத்துவிட்டுப் புதியதைப் பூசுங்கள். உள்ளே ஒரு வட்டத்தகடு இருக்கும். விளக்கு உச்சிக்கோ அடிக்கோ வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது அதுதான். அதன் தடத்தைத் துடைத்துப் பளிச்சென்று வையுங்கள். தண்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (உள்வளையம்) தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், விளக்கு நடுங்குவதும் குறையும். இந்த வண்டியில் விளக்கு முழுதாக எழாவிட்டால் ஒளி தாழ்ந்து காலடியில் விழும். நீங்கள் சொன்ன பம்பருக்கு முன்னால் இருக்கும் திட்டில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன்.

விளக்கின் வளையத்தைக் கழற்றும்போது எல்லாத் திருகாணிகளும் ஒன்றுபோல் தெரியும். அவற்றில் இரண்டு, உயரத்தையும் பக்கத்தையும் சரிசெய்பவை. அவற்றைத் தொடாமல் வளையத்தைப் பிடித்திருப்பவற்றை மட்டும் எடுங்கள். துரு ஏறியிருந்தால் முந்தைய நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.

நீலக்கூரை:

எல்லாம் முடிந்தது ஐயா. வலதுகைப் பக்கம் அம்பு காட்டும் எச்4 விளக்குகள், 60/55 வாட் பல்புகள், நீங்கள் சொன்ன அதே வயரிங். இப்போது இரு விளக்கிலும் 13.8 வோல்ட். இடது மோட்டாருக்குள் கிரீஸ் சோப்புக்கட்டி போலாகியிருந்தது. சுத்தம் செய்த பிறகு இரண்டும் ஒன்றாக எழுகின்றன.

இன்னும் சாலைக்கு எடுத்துப் போகவில்லை. ஒளியின் கோணத்தை எப்படிச் சரிபார்ப்பது? விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

திருகாணி:

13.8 என்பது அருமையான எண். என் எல்இடி விளக்கை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் எச்4 வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்த வயரிங்கைச் செய்து தரப்போகிறேன். கோணத்தைப் பொறுத்தவரை, செய்வதற்கு முன் டயர்க் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் குறைந்தாலும் அளவு பொய்யாகிவிடும்.

செம்புக்கம்பி:

சரிபார்க்காமல் சாலைக்குப் போகாதது நல்ல முடிவு.

சமதளத்தில், சுவரை நேராகப் பார்த்தபடி, விளக்கிலிருந்து சுவர் 10 மீட்டர் தூரத்தில் இருக்குமாறு வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக ஒருவர் உட்காரட்டும், பெட்ரோலும் வழக்கமாக வைத்திருக்கும் அளவு இருக்கட்டும். இது இலகுவான வண்டி, ஓர் ஆளின் எடைக்கே தாழ்ந்து கொடுக்கும். சுவரில் விளக்கின் நடுப்பகுதி உயரத்தில், அதாவது 60 செ.மீ.யில், ஒட்டுநாடாவால் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. ஒவ்வொரு விளக்குக்கும் நேராக ஒரு செங்குத்துக் கோடு.

லோ பீம் போட்டு, ஒரு விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்யுங்கள். ஹாலஜன் விளக்கின் முன்கண்ணாடி சூடாகும், ஆகவே துணியை உடனே எடுத்துவிடுங்கள். வலப்பக்கத்தில் ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டின் மேல் கிடையாகப் படிய வேண்டும். அது இடதுபுறமாக மேல்நோக்கி வளையத் தொடங்கும் முனை செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும்.

10 மீட்டருக்கு 10 செ.மீ. என்பது 1 சதவீதச் சரிவு. 60 செ.மீ. உயரத்திலிருந்து அந்தச் சரிவில் இறங்கும் ஒளி 60 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். இன்னும் கொஞ்சம் தூரம் தெரியட்டுமே என்று கோட்டைத் தாண்டி ஏற்றிவிடாதீர்கள். 1 சதவீதம் என்பது அரைப் பாகைக்குச் சற்றே அதிகம். அதைக் கரைத்துவிட்டால் ஒளி தரையையே தொடாது, எதிரே வருபவரின் கண்ணைத்தான் தொடும். வழக்கமாக டிக்கியில் சுமை ஏற்றிப் போவீர்கள் என்றால் 10க்கும் 15க்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். வண்டியின் ஸ்பிரிங்கைத் தாழ்த்தும் எண்ணம் இருந்தால் அதைச் செய்து முடித்த பிறகு மறுபடியும் இதைச் செய்ய வேண்டும். விளக்கின் குறைந்தபட்ச உயரத்துக்கும் சட்டம் உண்டு, அமெரிக்காவில் அது சுமார் 56 செ.மீ., ஐரோப்பிய விதிப்படி 50.

கோணம் அமைந்த பிறகு இரு விளக்கையும் சில முறை இறக்கி ஏற்றி, ஒளி அதே கோட்டுக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இடதுபுறம் மட்டும் மாறி மாறி நின்றால் புஷ்ஷில் இன்னும் ஆட்டம் இருக்கிறது.

முதல் நீண்ட இரவுப் பயணம் முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு ரிலேக்களையும் ஃபியூஸ் பிடிப்பான்களையும் வயர் முனைகளையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. ஏதாவது ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாத சூட்டில் இருந்தால் அந்த முனை சரியாக நசுக்கப்படவில்லை. வெட்டியெடுத்துவிட்டுப் புது முனை போடுங்கள்.